உடைந்த வரி நோட்டு: ஜேஇஇ கணக்குகளோடு மல்லுக்கட்டிய அனுபவம்

என்ஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 2016-இல் வந்த ஒரு கணக்கு இது. எக்ஸ் வர வேண்டிய இடங்களில் எல்லாம் இந்தப் பதிவில் ‘க’ என்று போட்டுக்கொள்கிறேன். அடி: க² − 5க + 5. அதன் தலையில் அடுக்காக உட்கார்ந்திருப்பது: க² + 4க − 60. மொத்தமும் 1-க்குச் சமம். இதற்குப் பொருந்தும் மெய்யெண்கள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை என்ன?

அக்கா மகள் பார்த்தவுடன் போட ஆரம்பித்தாள். எதன் அடுக்கு பூச்சியமானாலும் விடை 1. ஆக க² + 4க − 60 = 0. காரணிப்படுத்தினால் 6, −10. கூட்டினால் −4. விடைப் பட்டியலில் −4 இருந்தது. டிக் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சரியான விடை 3. ஒரு எண்ணை அடுக்கேற்றி 1 வருவதற்கு மூன்று வழி உண்டு. அடுக்கு பூச்சியம், அடி பூச்சியம் இல்லை. அதுதான் அவள் போட்டது. இரண்டாவது, அடியே 1; அப்போது க² − 5க + 4 = 0, அதாவது 1, 4. மூன்றாவது, அடி −1, அடுக்கு இரட்டைப்படை; அப்போது க² − 5க + 6 = 0, அதாவது 2, 3. இந்த இரண்டையும் அடுக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். 2-க்கு அடுக்கு −48, இரட்டை; ஏற்கலாம். 3-க்கு −39, ஒற்றை, தள்ள வேண்டும். எனவே 6 − 10 + 1 + 4 + 2 = 3.

இதில் என்னை உறுத்தியது விடைப் பட்டியல்தான். முதல் வழியோடு நின்றவர்களுக்கு −4 காத்திருந்தது. மூன்று வழியையும் பிடித்து, 3-ஐத் தள்ள மறந்தவர்களுக்கு 6 காத்திருந்தது. மாணவர் எந்த வரியில் நிற்பார் என்று தெரிந்தேதான் கேள்வி தயாரிக்கிறார்கள். அப்படியானால் நாமும் அந்த வரியைத்தான் தேட வேண்டும். இந்தப் பதிவு அந்தத் தேடலைப் பற்றியது.

கொஞ்சம் பின்னணி. திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. பள்ளித் தேர்வுகளில் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புக் பேக் கணக்குகள் எல்லாம் மனப்பாடம் என்றே சொல்லலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2007-லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கட் ஆஃப் போதும். ஆனால் அவள் கண் திருச்சி என்ஐடி மேல். அதற்கு ஜேஇஇ மெயின் எழுதியாக வேண்டும். கோச்சிங் சென்டர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அக்கா எனக்கு போன் போட்டார். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்து, இப்போது வேறு வேலை பார்ப்பவன். கணக்கு என்றால் ஆசை, அவ்வளவுதான் தகுதி.

உட்கார்ந்த இடம் மதுரை நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்ததிலிருந்தே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களால் நிறைந்து கிடக்கிற இடம். அங்கே வாய் திறந்து பேச முடியாது. முதலில் இது தொந்தரவு என்றுதான் நினைத்தேன். ஆனால் பேச முடியாததால் ஒவ்வொரு படியையும் அவள் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது, நானும் பென்சிலால்தான் கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் என்றால் “அது அப்படியே வந்துடும் மாமா” என்று தாண்டிவிடுகிற வரி, இங்கே தாளில் வெறும் இடைவெளியாகத் தெரிந்தது. பேச வேண்டியதை எல்லாம் வெளியே வந்து டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

நோட்டு

ஒரு நீள நோட்டு வாங்கினோம். இடது பக்கம் தவறாகப் போன கணக்கு, அழிக்காமல் அப்படியே. எந்த வரியில் உடைந்ததோ அந்த ஒரு வரிக்கு மட்டும் சிவப்புக் கோடு. வலது பக்கம் ஒரே ஒரு கேள்வி: அந்த வரியை எழுதும் முன் என்ன கேட்டிருக்க வேண்டும்? மேலே சொன்ன கணக்குக்கு அவள் எழுதியது: “1 ஆக வேற வழி இருக்கா?”

ஒரே ஒரு தடை போட்டேன். விடைக் கையேட்டிலிருந்து முழுத் தீர்வை நோட்டில் நகல் எடுக்கக் கூடாது. நகல் எடுத்தால் நோட்டு அழகாக இருக்கும். தேர்வு அறையில் ஒரு வரிகூட நினைவுக்கு வராது. கூட்டல் கழித்தலில் நழுவியவற்றைக் கடைசிப் பக்கங்களில் தனியாக வைத்தோம். அந்த நோய்க்கு மருந்து வேறு. அதை மெதுவாக எழுதியே தீர்க்க வேண்டும், யோசித்துத் தீர்க்க முடியாது.

அணிகள், அணிக்கோவைகள், வெக்டர், முப்பரிமாண வடிவியல் பகுதிகளில் நோட்டுக்கு அதிகம் வேலை வரவில்லை. வழி தெரிந்தால் விடை வந்துவிடும் பாடங்கள் அவை. நோட்டு நிரம்பியது வேறு இடங்களில்.

சைன் ஸ்கொயர் எப்படி 2 ஆகும்?

சைன்² க + 4/சைன்² க. இதன் குறைந்தபட்ச மதிப்பு என்ன?

கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற விதியை அவள் போட்டாள். இரண்டு உறுப்புகளையும் பெருக்கினால் 4, வர்க்கமூலம் 2, இரண்டால் பெருக்கினால் 4. ஆகக் குறைந்தபட்சம் 4. விதியும் சரி, கணக்கும் சரி. ஆனால் விடை 5.

நான் எதுவும் சொல்லவில்லை. “சமம் எப்போ வரும்?” என்று மட்டும் ஓரத்தில் எழுதினேன். இரண்டு உறுப்புகளும் சமமாகும்போது என்று எழுதினாள். அப்படியானால் சைன்² = 4/சைன்², அதாவது சைன்² = 2. பென்சில் நின்றது. வெளியே வந்ததும் முதல் பேச்சே அதுதான்: “மாமா, சைன் ஸ்கொயர் எப்படி 2 ஆகும்?”

ஆகாது. சைன்² 0-க்கும் 1-க்கும் இடையில்தான் திரியும். 4-க்குக் கீழே போகாது என்பது உண்மை. ஆனால் 4-ஐத் தொடவே முடியாது. அந்த எல்லைக்குள் சைன்² கூடக் கூட மொத்தம் குறைந்துகொண்டே வருகிறது. சைன்² = 1 என்ற கடைசி முனையில் 1 + 4 = 5. அதற்குக் கீழே இறங்க வழி இல்லை.

நோட்டின் வலது பக்கம்: “வந்த மதிப்பைத் தொட முடியுமா?” இந்த ஒரு கேள்வி பிற்பாடு எத்தனையோ கணக்குகளைக் காப்பாற்றியது. மடக்கைச் சமன்பாடுகளில் இதே கதைதான். 2-ஐ அடிமானமாகக் கொண்டு லாக்(க − 1) + லாக்(க − 3) = 3 என்றால், (க − 1)(க − 3) = 8 என்று போட்டு 5, −1 என்ற இரண்டு விடை எடுக்கலாம். −1-ஐப் போட்டுப் பார்த்தால் லாக் உள்ளே எதிர்மறை எண் வருகிறது. 5 மட்டுமே நிற்கும். பள்ளிப் புத்தகத்திலும் இது இருக்கிறது. அங்கே ‘மடக்கை’ என்று பாடத் தலைப்பே சொல்லிவிடுவதால் கவனமாக இருக்கிறோம். நுழைவுத் தேர்வில் தலைப்பு இருக்காது. அதுதான் வித்தியாசம், பாடத்தின் கடினம் அல்ல. 2018-க்குப் பிறகு வந்த நம் புதிய பாடப் புத்தகங்களில் ஜேஇஇ மெயின் கணக்குக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அதிகாரத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பழகியதில்லை, அவ்வளவே.

விடைப் பட்டியலே காட்டிக்கொடுத்த கணக்கு

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. 2014 ஜேஇஇ மெயின். 0 முதல் பை வரை வரையறுத்த தொகையீடு, அதாவது வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு. வர்க்கமூலக் குறிக்குள் 1 + 4 சைன்²(க/2) − 4 சைன்(க/2).

உள்ளே இருப்பது (1 − 2 சைன்(க/2))² என்பதை அவள் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டாள். வர்க்கமும் வர்க்கமூலமும் அடிபட்டுப் போக, 1 − 2 சைன்(க/2) என்பதைத் தொகையிட்டாள். விடை: பை − 4. பட்டியலில் பை − 4 இருக்கிறது. இல்லாமல் இருக்குமா?

இங்கே பேனாவை எடுக்காமலே தவறைப் பிடிக்கலாம். பை 3.14 என்றால் பை − 4 எதிர்மறை எண். நாம் தொகையிடுவதோ ஒரு வர்க்கமூலத்தை. அது எந்த இடத்திலும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. கீழே போகாத ஒன்றின் பரப்பு எப்படி எதிர்மறையாகும்? ஆக பை − 4 அடிபட்டது. இன்னொரு விடை 2பை/3 − 4 − 4√3. அதுவும் எதிர்மறை, அடிபட்டது. மிச்சம் இரண்டு: 4√3 − 4, அப்புறம் 4√3 − 4 − பை/3. தோராயமாக 2.93, 1.88.

வளைவை மனதில் ஓட்டிப் பார்த்தோம். க = 0 என்றால் மதிப்பு 1. க = பை/3 வரும்போது சைன்(க/2) அரை ஆகிறது, மதிப்பு பூச்சியம். பிறகு ஏறி, க = பை ஆகும்போது மறுபடி 1. ஆக எங்கேயும் 1-ஐத் தாண்டாது, நடுவில் தரையைத் தொட்டுவிட்டு வேறு வருகிறது. 3.14 நீளத்துக்கு 2.93 பரப்பு வேண்டுமென்றால் சராசரி உயரம் 0.93 இருக்க வேண்டும். தரை வரை இறங்கி ஏறுகிற வளைவுக்கு அது நடக்காது. விடை 1.88, அதாவது 4√3 − 4 − பை/3. ஒரு தொகையீடும் போடாமல்!

சரி, முறையாகவும் போட்டோம். வர்க்கத்தின் வர்க்கமூலம் என்றால் மட்டு மதிப்பு, அதாவது கழித்தல் குறி நீங்கிய மதிப்பு. பை/3-இல் உள்ளே குறி மாறுகிறது. எனவே 0 முதல் பை/3 வரை 1 − 2 சைன்(க/2), பை/3 முதல் பை வரை 2 சைன்(க/2) − 1 என்று பிரிக்க வேண்டும். முதல் துண்டு பை/3 + 2√3 − 4. இரண்டாவது துண்டு 2√3 − 2பை/3. கூட்டினால் அதே விடை.

வலது பக்கம் இரண்டு கேள்வி எழுதினாள். “ரூட்டைத் தூக்கும்போது மட்டு போட்டேனா?” அதன் கீழே, “விடையோட குறி சரியா?” இரண்டாவதுதான் பெரிய லாபம் என்று நினைக்கிறேன். தொகையீடு, நிகழ்தகவு, தூரம், பரப்பு எதுவானாலும் விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு யூகம் இருந்தால், பாதி பொறிகள் தானாகவே தெரிந்துவிடுகின்றன.

யூகத்துக்கும் ஒரு கணக்கு

இதைச் செய்தபோதுதான் மதிப்பெண் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். இப்போதைய முறையில் மூன்று பாடங்களுக்கும் சேர்த்து 75 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். கணிதத்துக்கு 25, அதில் 20 நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது, 5 எண் விடையைத் தட்டச்சு செய்வது. சரி என்றால் 4, தவறு என்றால் 1 கழியும்.

கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால், சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் மதிப்பெண் வரும். வெயிலில் அலைந்ததற்கு மோர்க்காசுகூட ஆகாது. ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக அடித்துவிட்டால், மிச்ச இரண்டில் ஒன்றைத் தொடுவதற்குச் சராசரி ஒன்றரை மதிப்பெண். எனவே எங்கள் ஏற்பாடு: இரண்டை அடிக்க முடிந்தால் தொடு, இல்லாவிட்டால் விடு. எண் விடைக் கேள்வியில் யூகமே வேண்டாம்.

கால்குலேட்டர் கிடையாது என்பதால் √2, √3, √5, பை ஆகியவற்றின் மதிப்பு நாக்கு நுனியில் இருக்க வேண்டும். நேரத்தில் கணிதத்துக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கினோம், வேதியியலில் மிச்சம் பிடித்து. தமிழ்நாட்டில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி ஆங்கிலத்தோடு சேர்த்துத் திரையில் வரும். முரண் இருந்தால் ஆங்கிலமே முடிவு. எனவே மாக் டெஸ்டில் இரண்டையும் பார்த்துப் பழகச் சொன்னேன்.

மதுரை எத்தனையாவது?

சொற்களை அகராதி வரிசையில் அடுக்கினால் இது எத்தனையாவது என்று கேட்கும் கணக்கு ஜேஇஇயில் அடிக்கடி வரும். நான் ஊர்ப் பெயரையே கொடுத்தேன். ஆங்கிலத்தில் மதுரை: எம், ஏ, டி, யு, ஆர், ஏ, ஐ. ஏழு எழுத்து, ஏ இரண்டு முறை. மொத்த வரிசை 7!/2 = 2520.

எம்-க்கு முன்னால் வரும் எழுத்துகள் ஏ, டி, ஐ. மூன்று எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 6!/2 = 360, ஆக 1080 என்று ஆரம்பித்தாள். சிவப்புக் கோடு இங்கேயே விழுந்தது. முதலிடத்தில் ஏ போய்விட்டால், மிச்சமுள்ள ஆறு எழுத்தில் ஏ ஒன்றுதான். எல்லாம் வெவ்வேறு. எனவே 720, இரண்டால் வகுக்கக் கூடாது. டி, ஐ முதலில் வந்தால் தலைக்கு 360. மொத்தம் 1440.

அடுத்து எம்-ஏ நிலைத்துவிட்டது. மூன்றாம் இடத்தில் டி-க்கு முன் ஏ மட்டும்: 24. நான்காம் இடத்தில் யு-க்கு முன் ஏ, ஐ, ஆர்: 6 வீதம் 18. ஐந்தாம் இடத்தில் ஆர்-க்கு முன் ஏ, ஐ: 2 வீதம் 4. அப்புறம் ஏ, ஐ தானாக விழுகின்றன. 1440 + 24 + 18 + 4 = 1486. அதற்கு அடுத்தது நம் ஊர்: 1487.

இது எண் விடைக் கேள்வியாக வந்தால் சரிபார்க்கப் பட்டியல் இருக்காது. அதனால் பின்னாலிருந்து எண்ணச் சொன்னேன். யு, ஆர் முதலில்: 360 வீதம் 720. எம்-க்குப் பின் டி, ஐ, ஆர், யு: 60 வீதம் 240. எம்-ஏ-க்குப் பின் ஐ, ஆர், யு: 24 வீதம் 72. கடைசியில் ஏ, ஐ இடம் மாறுவது 1. கூட்டினால் 1033. 2520 − 1033 = 1487. இரண்டு பக்கமும் வந்து முட்டியது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கண்டுபிடித்ததுதான் எனக்கு வியப்பு. “மாமா, எம்-முக்குச் சின்ன எழுத்து ரெண்டு ஏ-யையும் சேர்த்தா நாலு. மொத்தம் ஏழு. 2520-ஐ 4/7-ஆல பெருக்கினா 1440 வந்துருது.” யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எல்லா வரிசைகளையும் எடுத்துக்கொண்டால், ஏழு எழுத்துகளும் முதலிடத்துக்கு வரச் சம வாய்ப்பு. இரட்டை எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீதி வரிசைகளை, சின்ன எழுத்துகளின் எண்ணிக்கையால் பெருக்கி, மீதி எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். முதல் வரியில் அவள் தவறிய இடத்தையே இது இல்லாமல் செய்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்க அவள் ஊரையே கொடுத்தேன். திருமங்கலம், ரயில் நிலையப் பெயரில் உள்ளபடி எச் இல்லாமல். 12 எழுத்து, ஏ மூன்று, எம் இரண்டு. மொத்தம் 12!/12, அதாவது 11!, 3,99,16,800 வரிசைகள். பழைய முறையில் போனால் ஒவ்வொரு இடத்திலும் எந்த எழுத்து எத்தனை மிச்சம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவள் முறையில் முதல் இடத்துக்கு 10/12, அப்புறம் 4/11, 8/10, 8/9, 5/8 என்று வரிசையாக இறங்கி வந்துவிடலாம். கப்பலூர் தாண்டுவதற்குள் போட்டுவிட்டாள்: 3,47,44,827.

நான் வீட்டுக்கு வந்து பழைய முறையிலேயே போட்டுப் பார்த்தேன். அரைப் பக்கம் பிடித்தது. அதே எண்தான். இப்போது அவள் உசிலம்பட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள்.